நினைவுக்கும் மறதிக்கும் ஒரே வாசல்

அப்பாவுக்கு அல்சைமர் என்று உறுதியான பிறகு மருத்துவர் மெமான்டைன் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அக்கா அதைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "இது மூளையில என்எம்டிஏ ஏற்பியை அடைக்கிற மருந்துன்னு போட்டிருக்குடா. அந்த ஏற்பி இல்லேன்னா எதையும் கத்துக்கவே முடியாதுன்னு நீதானே ஒருதடவை சொன்னே? அப்புறம் எதுக்கு ஞாபகம் போறவங்களுக்கே இதைக் கொடுக்கிறாங்க?"

அவள் சொன்ன இரண்டுமே பெருமளவு சரி. ஏற்பி என்பது செல்லின் மேற்பரப்பில் செய்தி மூலக்கூறுகளைப் பிடிக்கும் புரதம். என்எம்டிஏ ஏற்பியை அடைத்தால் விலங்குகளால் சிலவற்றைப் புதிதாகக் கற்க முடிவதில்லை. மெமான்டைன் அந்த ஏற்பியை அடைக்கத்தான் செய்கிறது. நான் உயிரியல் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவன். ஆனாலும் நரம்பியல் வாசிப்பை விட்டதில்லை. அன்று தொலைபேசியில் அவளுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. குளூட்டமேட் என்ன செய்கிறது, அதன் ஏற்பிகள் எப்படி வேலை செய்கின்றன என்று தொடங்கினால்தான் முழுப் பதிலுக்குப் போக முடியும். அவளுக்காகவும், வீட்டில் இதே மாத்திரையைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

குளூட்டமேட் ஓர் அமினோ அமிலம். நம் உடம்பின் எல்லா செல்களிலும் இருக்கிறது. மூளையில் ஒரு நியூரான், அதாவது நரம்பு செல், இன்னொன்றைத் தூண்டுவதற்கு மிகப் பெரும்பாலும் பயன்படுத்துவது இதைத்தான். இவ்வளவு சாதாரணமான பொருள் மூளையின் முதன்மைச் செய்தியாளராக இருக்கும் என்று தொடக்கத்தில் யாரும் நம்பவில்லை. 1954-இல் ஜப்பானில் தகாஷி ஹயாஷி விலங்குகளின் மூளைப் புறணியில் இதைச் செலுத்தியபோது வலிப்பு வந்தது. 1959-இல் கான்பெராவில் கர்ட்டிஸ், ஃபில்லிஸ், வாட்கின்ஸ் மூவரும் தண்டுவட நியூரான்கள் மீது இதைப் படவிட்டார்கள். தொட்ட நியூரான் எல்லாம் கிளர்ந்தது. எல்லாவற்றையும் ஒரேபோலத் தூண்டும் பொருள் குறிப்பிட்ட செய்தி எதையும் சுமக்காது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். அன்றைய அறிவுக்கு அது நியாயமான முடிவுதான். செய்தியின் நுணுக்கம் குளூட்டமேட்டில் இல்லை, அதைப் பெறும் ஏற்பிகளில் இருக்கிறது என்பது தெரிய இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்கு வேண்டிய வேதிப்பொருள்களைச் செய்துகொடுத்ததில் பெரும்பங்கு அதே ஜெஃப் வாட்கின்ஸுடையது. பின்னாளில் பிரிஸ்டலில் இருந்தபடி அவர் உருவாக்கிய, ஏற்பிகளை அடைக்கும் தடுப்பான்கள் இல்லாமல் இந்தத் துறையே நகர்ந்திருக்காது.

இரண்டு நியூரான்கள் சந்திக்கும் இடம் சினாப்ஸ். இடைவெளி ஏறக்குறைய 20 நானோமீட்டர். அனுப்பும் பக்கத்தில் குட்டிக் குட்டிப் பைகளில் குளூட்டமேட் நிரம்பியிருக்கும். மின்துடிப்பு வந்ததும் ஒரு பை திறந்து சில ஆயிரம் மூலக்கூறுகள் இடைவெளியில் கொட்டும். எதிர்ப்பக்கத்துச் சவ்வில் அவற்றைப் பிடிக்க ஏற்பிகள் காத்திருக்கும். ஏற்பிகளில் பல வகை உண்டு. நம் கதைக்கு முக்கியமானவை இரண்டு: ஆம்பா, என்எம்டிஏ.

ஆம்பா நேரடியானது. குளூட்டமேட் ஒட்டியதும் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், சில மில்லிசெகண்டில் மூடிக்கொள்ளும். மூளையில் நொடிக்கு நொடி நடக்கும் வேகமான தகவல் போக்குவரத்தின் பெரும்பகுதியை இதுவே சுமக்கிறது. ஒரு சினாப்ஸ் வலுவானதா பலவீனமானதா என்பது பெரிதும் அங்கே எத்தனை ஆம்பா ஏற்பிகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரப்போவது எல்லாம் இந்த எண்ணிக்கையைப் பற்றித்தான்.

என்எம்டிஏ அவ்வளவு எளிதில் திறக்காது. குளூட்டமேட் வந்து ஒட்டினாலும் போதாது. கூடவே கிளைசீன் அல்லது டி-செரீன் என்ற இன்னொரு மூலக்கூறும் ஒட்டியிருக்க வேண்டும். அதுவும் இருந்து வாசல் திறந்தாலும், உள்ளே துளையில் ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டு நிற்கும். நியூரான் ஓய்வில் இருக்கும்போது அதன் உட்புறம் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கிறது. நேர்மின்னூட்டம் கொண்ட மக்னீசியத்தை அந்த எதிர்மின்னழுத்தம் துளைக்குள் இழுத்து வைக்கிறது. பெறும் நியூரான் ஏற்கெனவே போதுமான அளவு கிளர்ந்து, உட்புற மின்னழுத்தம் ஏறினால்தான் மக்னீசியம் விலகும். அப்போதுதான் அயனிகள் உள்ளே வரும். அவற்றில் முக்கியமானது கால்சியம். 1984-இல் பிரான்சில் ஒரு குழுவும் அமெரிக்காவில் ஒரு குழுவும் தனித்தனியாக இந்த மக்னீசிய அடைப்பைக் கண்டறிந்து 'நேச்சர்' இதழில் வெளியிட்டன.

இந்த அடைப்பு எதற்கு என்று யோசித்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். அனுப்பும் நியூரான் பேசியிருக்க வேண்டும். குளூட்டமேட் வந்தது அதற்குச் சாட்சி. பெறும் நியூரானும் அதே நேரத்தில் கிளர்ந்திருக்க வேண்டும். மக்னீசியம் விலகியது அதற்குச் சாட்சி. இரண்டும் ஒருசேர நடந்ததா என்று ஒரு புரதம் தனியாகச் சரிபார்க்கிறது. 1949-இல் கனடாவின் உளவியலாளர் டொனால்டு ஹெப், ஒரு நியூரான் இன்னொன்றைத் திரும்பத் திரும்பத் தூண்டுவதில் பங்கெடுத்தால் அவற்றுக்கிடையிலான இணைப்பு வலுப்பட வேண்டும் என்று எழுதினார். வெறும் ஊகமாகத்தான் எழுதினார். 35 ஆண்டுகள் கழித்து அந்த நிபந்தனையை நிறைவேற்றும் மூலக்கூறு கையில் கிடைத்தது.

இடையில் நடந்த மிக முக்கியமான சோதனை ஆஸ்லோவில். டெர்யே லோமோ என்ற இளம் ஆய்வாளர் 1966-லேயே அதன் முதல் அறிகுறியைப் பார்த்துவிட்டார். பிறகு டிம் பிளிஸ் வந்து சேர்ந்தார். மயக்கத்தில் வைத்த முயல்களின் மூளையில், நினைவைப் பதிப்பதில் முக்கியமான பகுதியான ஹிப்போகேம்பஸுக்குப் போகும் நரம்புப் பாதையில் அடுக்கடுக்காகச் சில விநாடிகள் மின்துடிப்புகளைக் கொடுத்தார்கள். அதன் பிறகு அதே பாதையில் ஒற்றைத் துடிப்பு கொடுத்தாலும் பதில் முன்பைவிடப் பெரிதாக வந்தது. அரைமணி நேரம் முதல் பத்து மணி நேரம் வரை அந்த வலு நீடித்தது. 1973-இல் வெளியான அந்தக் கட்டுரையின் முடிவுரையில் இது நினைவுக்கான விளக்கம் என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. உயிருள்ள விலங்கு தன் வாழ்க்கையில் உண்மையிலேயே இந்தப் பண்பைப் பயன்படுத்துகிறதா என்பதைத் திறந்த கேள்வியாகவே விட்டார்கள். அந்த அடக்கத்துக்காகவே அந்தக் கட்டுரையை நான் மதிக்கிறேன். இன்று அந்த நிகழ்வை எல்.டி.பி., அதாவது நீண்டகால வலுவூட்டம் என்கிறோம்.

1983-இல் கிரஹாம் கோலிங்ரிட்ஜும் உடன் பணியாற்றியவர்களும் எலியின் ஹிப்போகேம்பஸ் துண்டுகளில் என்எம்டிஏ ஏற்பியை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான தகவல் போக்குவரத்து குறையில்லாமல் நடந்தது. வலுவூட்டம் மட்டும் வரவில்லை. 1986-இல் ரிச்சர்ட் மாரிஸ் குழு அதே தடுப்பானை உயிருள்ள எலிகளின் மூளைக்குள் செலுத்தியது. கலங்கலான நீர்த்தொட்டியில் நீருக்கடியில் மறைந்திருக்கும் மேடை எங்கே என்று அந்த எலிகளால் சரிவரக் கற்க முடியவில்லை. பார்த்துப் பிரித்தறியும் வேறொரு பாடத்தை அதே மருந்தோடு கற்றுக்கொண்டன. ஆக எலிகள் மந்தமாகிவிடவில்லை, இடத்தை நினைவில் பதிக்கும் வேலைதான் தடைபட்டது. நான் அக்காவிடம் சொன்னது இந்தச் சோதனையை மனதில் வைத்துத்தான்.

சரி, வாசல் திறந்து கால்சியம் வந்தாயிற்று. அதற்குப் பிறகு?

சினாப்ஸின் பெறும் பக்கத்தில் காம் கைனேஸ்-2 என்ற நொதி ஏராளமாகக் குவிந்திருக்கிறது. பன்னிரண்டு அலகுகள் சேர்ந்த பெரிய புரதம். கால்சியம் வேகமாகவும் அதிகமாகவும் வந்தால் இது விழித்துக்கொள்ளும். அதன் அலகுகள் ஒன்றின்மீது ஒன்று பாஸ்பேட்டை ஒட்டிக்கொள்ளும். அதனால் கால்சியம் வடிந்த பிறகும் கொஞ்ச நேரம் செயலிலேயே இருக்கும். என்எம்டிஏ ஏற்பியின் வால்பகுதியிலேயே போய் ஒட்டியும் கொள்ளும். விளைவாக அந்தச் சினாப்ஸில் கூடுதல் ஆம்பா ஏற்பிகள் வந்து தங்குகின்றன. அடுத்த முறை அதே அளவு குளூட்டமேட் வந்தாலும் பதில் பெரிதாக இருக்கும். 2004-இல் ஜப்பானில் ஹருவோ கசாய் குழு, ஒளியால் குளூட்டமேட்டை விடுவித்து, நியூரானின் கிளையில் சினாப்ஸ் அமையும் சிறு புடைப்பான முள்முனைகளில் ஒரே ஒன்றை மட்டும் தூண்டியது. அந்த முனை மட்டும் பருத்தது. பக்கத்தில் இருந்தவை அப்படியே இருந்தன. கற்றல் என்று நாம் மொத்தமாகச் சொல்வது இத்தனை சிறிய இடத்தில் தனித்தனியாக நடக்கக்கூடியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஊமைச் சினாப்ஸ்கள். 1995-இல் இரண்டு குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒன்றைக் கவனித்தன. சில சினாப்ஸ்களில் என்எம்டிஏ ஏற்பி இருக்கிறது, ஆம்பா வேலை செய்வதாகவே தெரியவில்லை. ஓய்வு நிலையில் அங்கே குளூட்டமேட் கொட்டினால் ஒன்றுமே நடக்காது. மக்னீசியம் அடைத்திருக்கும், அதை விலக்க வேண்டிய ஆம்பாவும் இல்லை. ஆனால் அந்த நியூரானை வேறு வழியில் கிளரவைத்து அதே சமயம் குளூட்டமேட்டும் வரச் செய்தால், ஊமையாக இருந்த இணைப்பு சட்டென்று பேசத் தொடங்குகிறது. ஆம்பா அங்கே வந்து சேர்ந்துவிடுகிறது. இணைப்பு உடல்ரீதியாக முன்பே இருந்தது. அதற்குக் குரல்தான் இல்லை. வளரும் மூளையில் இப்படிப்பட்டவை அதிகம்.

ஆம்பா எங்கிருந்து வருகிறது என்பதும் பாடப்புத்தகப் படங்களில் காட்டுவதுபோல் இல்லை. படத்தில் ஏற்பிகள் ஆணியடித்தாற்போல் சவ்வில் நிற்கும். பிரான்சின் போர்தோ நகரில் டானியல் ஷொகே குழு, 2000-களின் தொடக்கத்திலிருந்து ஏற்பிகளை ஒவ்வொன்றாக அடையாளமிட்டு அவற்றின் நகர்வைப் பதிவு செய்தது. அவை சவ்வின் மேற்பரப்பில் ஓயாமல் அலைகின்றன. சினாப்ஸுக்குள் நுழைகின்றன, சற்று நிற்கின்றன, வெளியேறுகின்றன. வலுவூட்டத்தின்போது உள்ளே வருபவை பிடித்து நிறுத்தப்படுகின்றன. செல்லுக்குள்ளிருந்தும் புதியவை மேலே வருகின்றன. இன்னொன்று: ஓர் ஆம்பா ஏற்பியின் ஆயுள் பொதுவாகச் சில நாட்கள்தான். பழையது சிதைந்து புதியது செய்யப்படுகிறது. அப்படியானால் பத்தாண்டுக்கு முந்தைய நினைவைத் தாங்கிய ஏற்பிகளில் ஒன்றுகூட இன்று இல்லை. நினைவு அந்த மூலக்கூறுகளுக்குள் இல்லை. இந்த இணைப்பில் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு ஆள் மாறினாலும் காப்பாற்றப்படுகிறது. அதைக் காப்பாற்றுவது எது என்பதுதான் இந்தத் துறையின் மிகப் பெரிய சண்டை. டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் 1984-லேயே இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டார். நாற்பது ஆண்டுகள் தாண்டியும் அது தீரவில்லை.

இதுவரை சொன்னதோடு பெரும்பாலான கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. கற்றல் என்றால் இணைப்பு வலுப்படுதல், அவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறார்கள். இது பாதி உண்மை. அந்த மறுபாதியைச் சொல்லாமல் விடுவது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கும்.

1992-இல் செரினா டூடெக், மார்க் பேர் இருவரும் ஹிப்போகேம்பஸ் துண்டுகளில் எதிர்ப்பக்கமாகப் போய்ப் பார்த்தார்கள். வேகமான துடிப்புகளுக்குப் பதிலாக விநாடிக்கு ஒன்று என்ற நிதானத்தில் 900 துடிப்புகள். அதாவது கால் மணி நேரம். இணைப்பு பலவீனமானது, அப்படியே நீடித்தது. விநாடிக்குப் பத்து என்றபோது பெரிய மாற்றமில்லை. விநாடிக்கு ஐம்பது என்றபோது வலுப்பட்டது. அந்தப் பலவீனமாதலுக்கு எல்.டி.டி., அதாவது நீண்டகாலத் தளர்வு என்று பெயர். இனி முக்கியமான விஷயம்: என்எம்டிஏ ஏற்பியைத் தடுத்தால் இந்தப் பலவீனமாதலும் நடக்கவில்லை. வலுவூட்டுவதும் அதே வாசல், தளர்த்துவதும் அதே வாசல். இரண்டுக்கும் உள்ளே வருவது அதே கால்சியம்தான்.

ஒரே கால்சியம் எப்படி நேரெதிரான இரண்டு வேலைகளைச் செய்கிறது? 1989-லேயே ஜான் லிஸ்மன் ஒரு விடையை முன்வைத்திருந்தார். கால்சியம் பெருகி வந்தால் பாஸ்பேட்டை ஒட்டும் நொதிகள் மேலோங்கும். மெல்லக் கசிந்து நீண்ட நேரம் வந்தால் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகள் மேலோங்கும். கழற்றும் வரிசையில் முதலில் வரும் கால்சினியூரின் சிறிய அளவு கால்சியத்துக்கே விழித்துக்கொள்ளும். அந்த வழி திறந்தால் ஆம்பா ஏற்பிகள் சினாப்ஸைவிட்டு நகர்ந்து செல்லுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகின்றன. பின்வந்த ஆய்வுகள் அளவோடு எவ்வளவு நேரம், எந்த இடம் என்பவற்றையும் சேர்த்தன. ஆனால் அடிப்படை நிற்கிறது.

தளர்த்துவதை மூளை ஒரு வேலையாகச் செய்கிறது. அதற்கென்று நொதிகள் இருக்கின்றன, பாதை இருக்கிறது, எரிசக்தி செலவாகிறது. தானாகத் தேய்ந்துபோவது வேறு, இது வேறு. எல்லா இணைப்புகளும் உச்ச வலுவை எட்டிவிட்டால் புதிதாக எதையும் பதிக்க இடமில்லை, ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறியவும் முடியாது. கற்றலுக்கு எல்.டி.டி. வேண்டும். 2014-இல் ராபர்ட்டோ மலினோவின் குழு கலிபோர்னியாவில் செய்த எலிச் சோதனை இதைக் கண்முன் காட்டியது. பயத்தைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலாவுக்குப் போகும் ஒரு பாதையை ஒளியால் தூண்டி, கூடவே காலில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். எலி அந்தத் தூண்டலுக்குப் பயப்படக் கற்றது. பிறகு அதே பாதையில் தளர்த்தும் தாளத்தில் ஒளியைக் கொடுத்தார்கள், பயம் போனது. வலுவூட்டும் தாளத்தில் கொடுத்தார்கள், பயம் திரும்பியது. விலங்கு ஒன்றுதான், பாதையும் ஒன்றுதான். மாற்றியது தாளத்தை மட்டும். பிளிஸும் லோமோவும் திறந்து விட்ட கேள்விக்கு இவ்வளவு நேரடியான பதில் அதற்கு முன் வந்ததாக நான் நினைக்கவில்லை.

இப்போது அக்காவின் கேள்விக்கு வரலாம். கால்சியம் பெருகி வந்தால் வலு, மெல்ல வந்தால் தளர்வு. அளவே இல்லாமல் வந்துகொண்டே இருந்தால் சாவு. 1969-இல் ஜான் ஓல்னி, மிகையான குளூட்டமேட் நியூரான்களைக் கொல்கிறது என்று காட்டினார். பக்கவாதத்தில் இரத்தம் நின்ற இடத்தில் நியூரான்கள் தம் குளூட்டமேட்டைக் கட்டுப்பாடின்றிக் கொட்டிவிடும். அதை உறிஞ்சி எடுக்க வேண்டிய அமைப்புகளும் சக்தியின்றி நின்றுபோகும். என்எம்டிஏ வாசல்கள் திறந்தபடியே இருக்க, கால்சியம் உள்ளே குவிந்து செல்லின் சொந்த நொதிகளே அதை அரித்துவிடும். அல்சைமரில் இது இவ்வளவு வேகமாக நடப்பதில்லை. அங்கே மெதுவான, ஓயாத குளூட்டமேட் இரைச்சல் என்எம்டிஏ ஏற்பிகளைச் சதா சீண்டிக்கொண்டிருக்கிறது என்பது ஒரு கருத்து. அந்த இரைச்சலில் உண்மையான செய்தி அமுங்கிப்போகும், செல்லும் மெல்லச் சேதமாகும்.

வலுவாக அடைக்கும் மருந்துகள் இதற்கு உதவவில்லை. பக்கவாதத்தில் பல என்எம்டிஏ தடுப்பான்கள் மனிதச் சோதனைகளில் தோற்றன. துளைக்குள் போய் நெடுநேரம் வெளியே வராத மருந்து, கெட்டதோடு தேவையானதையும் சேர்த்து அடைத்துவிடும். பிரமைகளும் குழப்பமும் வரும். மெமான்டைன் வேறு மாதிரி. அதுவும் வாசல் திறந்தபின் துளைக்குள்தான் போகிறது, ஆனால் மிதமாகத்தான் ஒட்டுகிறது, சீக்கிரம் வெளியே வந்துவிடுகிறது. நியூரான் வலுவாகக் கிளரும்போது மக்னீசியம் விலகுவதுபோலவே இதுவும் விலகும். ஏறக்குறைய மக்னீசியத்தின் வேலையையே, அதைவிடக் கொஞ்சம் அழுத்தமாகச் செய்கிறது என்று சொல்லலாம். ஓயாத சிறு கசிவைத் தடுக்கும், உண்மையான செய்தி வந்தால் பெருமளவு வழிவிடும். மாரிஸின் எலிகளுக்குக் கொடுத்த தடுப்பானோ குளூட்டமேட் ஒட்டும் இடத்தையே பிடித்துக்கொள்ளும் வகை. இரண்டையும் "என்எம்டிஏ தடுப்பான்" என்று ஒரே பெயரில் அழைப்பதால்தான் அக்காவுக்கு முரண்பாடாகத் தெரிந்தது.

மெமான்டைனுக்கு அமெரிக்காவில் 2003-இல், நடுத்தர மற்றும் முற்றிய அல்சைமருக்கென்று அனுமதி கிடைத்தது. அதன் பலன் சிறியது. சிலருக்கு அன்றாடச் செயல்களிலும் கவனத்திலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்க உதவுகிறது. நோயின் போக்கை நிறுத்தாது. இதை அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். அப்பாவின் விஷயத்தில் மாத்திரையால் எவ்வளவு, அது இல்லாவிட்டால் எப்படி இருந்திருக்கும் என்று பிரித்துச் சொல்ல எங்களுக்கு வழியில்லை. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம், அற்புதத்தை எதிர்பார்க்கவும் வேண்டாம் என்பதுதான் நாங்கள் இருவரும் வந்து சேர்ந்த இடம்.

மறுமுனையும் இருக்கிறது: இந்த வாசல்கள் மனிதருக்குக் காணாமலே போனால் என்ன ஆகும்? 2007-இல் ஜோசப் டல்மாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 12 பெண்களின் நோய்க்கதைகளை வெளியிட்டார்கள். திடீரென்று மனநோய்போல் தொடங்கி, பிறகு நினைவிழப்பு, வலிப்பு, சுயநினைவு குறைதல் என்று போன நோய். அவர்களின் உடலே என்எம்டிஏ ஏற்பிக்கு எதிரான எதிர்ப்புரதங்களை (ஆன்டிபாடிகளை) உருவாக்கியிருந்தது. பலருக்கு அதற்குத் தூண்டுதல் சினைப்பையில் இருந்த ஒரு கட்டி. எதிர்ப்புரதங்கள் ஏற்பிகளை இணைத்துக் கட்டுவதால், செல் அவற்றை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. நியூரான் சாவதில்லை, வாசல்கள்தான் மறைகின்றன. அதனால்தான் கட்டியை அகற்றி, நோயெதிர்ப்பை அடக்கும் சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலோர் மீள்கிறார்கள். எதிர்ப்புரதம் குறையக் குறைய ஏற்பிகள் மேற்பரப்புக்குத் திரும்புகின்றன. குணமானவர்களில் பெரும்பாலோருக்கு நோய் உச்சத்தில் இருந்த வாரங்கள் நினைவில் இருப்பதே இல்லை.

இந்த நோய் பெரும்பாலும் இளம் வயதினரைத் தாக்குகிறது, குழந்தைகளையும் விடுவதில்லை. நன்றாக இருந்த ஒருவர் சில வாரங்களுக்குள் நடத்தை மாறி, அத்தோடு பேச்சுத் தடுமாற்றமோ வலிப்போ முகத்திலும் கைகளிலும் தானாக வரும் அசைவுகளோ சேர்ந்தால், நரம்பியல் மருத்துவரிடம் இதைக் குறிப்பிட்டுக் கேட்கலாம். இரத்தத்திலும், அதைவிட உறுதியாகத் தண்டுவட நீரிலும் இந்த எதிர்ப்புரதத்தைச் சோதித்துவிட முடியும். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.